கீழே ஓடும் குரல்

ஸ்பெயின் கிற்றார்காரர் பிரான்சிஸ்கோ தாரெகாவின் ‘லாக்ரிமா’, அதாவது ‘கண்ணீர்’, ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிடும். மொத்தம் 16 பார், அதாவது 16 தாளக் கட்டம்தான். முதல் எட்டு ஈ மேஜரில், அடுத்த எட்டு ஈ மைனரில், பிறகு திரும்பவும் தலைக்குப் போய் முதல் எட்டை வாசித்து முடிப்பது. கிளாசிக்கல் கிற்றார் படிக்கிறவர்கள் ஆரம்பப் பயிற்சிகளைத் தாண்டியதும் கையில் எடுக்கிற உருப்படி. யூரியூப்பில் தேடினால் பாடசாலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றாத பிள்ளைகள் சாவகாசமாக வாசித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு ஒரு மாரிகாலம் போனது. விரல் பிடிபட அவ்வளவு நாள் எடுக்கவில்லை. காதுக்குப் பிடிபடத்தான் மழை விடும்வரை ஆனது.

யாழ்ப்பாணத்தில் கிற்றார் என்றால் பெரும்பாலும் கோயில் கிற்றார். கத்தோலிக்கராகிய நாங்கள் சேர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்லுவோம். பாஷையூர், குருநகர்ப் பக்கம் பாடகர் குழுவில் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு கிற்றார் சாத்தியிருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஜீ, சீ, டீ, ஈ மைனர் என்று நாலு கோர்ட், அதாவது சேர்ந்தொலிக்கிற சுரக்கூட்டு, தெரிந்தால் ஆண்டு முழுவதும் பூசைக்கு வாசிக்கலாம். கழுத்தில் கம்பிகளைக் குறுக்கே கவ்வுகிற கேப்போ ஒன்றும் இருந்தால் பாடுகிறவரின் சுருதிக்கு ஏறலாம். அதற்கு மேல் யாரும் கேட்கப்போவதில்லை.

எங்களுக்குச் சொல்லித்தந்த மாஸ்ரர் நோட்ஸ் படித்தவர் இல்லை. தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் கேட்டுப் பழகிய தலைமுறை. ஒருவர் சுற்ற, மற்றவர் கேட்பார். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் இழுபடும். ‘இன்னொருக்கால் போடு’ என்று சும்மா கேட்டுவிட முடியாது, அது இன்னொருவருடைய கைவலி. அப்படிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு பாட்டு ஒரு தடவை போனால் போதும், மெட்டு அப்படியே விழுந்துவிடும். இப்போது அரை வேகத்தில் போட்டு, அதே இரண்டு செக்கனைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டும் எனக்கு அந்தளவு பிடிபடுவதில்லை.

ஆனால் மாஸ்ரரின் காதில் விழுந்தது மெட்டு மட்டும்தான். கீழே பாஸ், அந்தத் தாழ்ந்த குரல், என்ன செய்தது என்று கேட்டால் சிரிப்பார். “உது கோர்ட்டுக்குள்ள வரும் பிள்ளை, நீ கோர்ட்டைப் பிடி.”

அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர்க் காதே ஒரு கோட்டைப் பின்தொடர்கிற காது. இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊர்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலை இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிற மண். ஒரு ராக ஆலாபனையில் வித்துவான் எங்கே நிற்கிறார், எந்தச் சுரத்தை வேண்டுமென்றே தொடாமல் போகிறார் என்று திருவிழாக் கூட்டத்தில் கடலை கொறித்துக்கொண்டே சொல்லக்கூடிய கிழவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த ஒற்றைக் கோட்டுக்குள் அவ்வளவு நுணுக்கம். ஒரே நேரத்தில் இரண்டு கோடு ஓடினால் என்ன செய்வது என்று மட்டும் அந்தக் காதுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. லாக்ரிமா முதல் பாரிலேயே அதைக் கேட்கிறது.

முதல் பாரில் மூன்று தாள அடி. மேலே முதலாம் கம்பியில் நாலாம், ஐந்தாம், ஏழாம் ஃபிரெற் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி). கீழே நாலாம் கம்பியில் இரண்டு, நாலு, ஆறு. ஒவ்வொரு அடியிலும் பெருவிரலும் ஒரு விரலும் சேர்ந்து மேலும் கீழும் ஒன்றாக எடுக்க வேண்டும். நடுவில், அரை அடிகளில், இரண்டாம் கம்பி திறந்தபடி ஒலிக்கும். எண்ணாகப் பார்த்தால் அவ்வளவுதான். இதை முதல் நாளே யாரும் வாசித்துவிடலாம்.

என் தோழி ஒருத்தி மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக்கழகத்தில் வயலின் படித்தவள். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “சங்கராபரணம்தானே? ஆனா கமகம் ஒண்டும் இல்லாமல் மொட்டையா இருக்கு” என்றாள். பிறகு, “மேல க ம ப. சரி, கீழ என்ன?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஈ, எஃப் ஷார்ப், ஜீ ஷார்ப் என்று சொல்லத் தெரியும், இரண்டாம் ஃபிரெற், நாலாம் ஃபிரெற் என்று காட்டத் தெரியும். பாடத் தெரியவில்லை. அவளே பாடினாள்: ஸ ரி க. மேலே க ம ப, கீழே ஸ ரி க. நடுவில் விடாமல் ஒலிக்கிற திறந்த கம்பி ப. சுருதிப்பெட்டியில் பஞ்சமத்தை மட்டும் திறந்து விட்டமாதிரி.

எனக்கு அந்தப் பாட்டு அங்கேதான் திறந்தது. அதுவரை நான் வாசித்தது க ம ப என்ற மெட்டும் அதற்கு முட்டுக்கொடுக்க ஏதோ பாஸும். பாட ஆரம்பித்த பிறகு கீழே இருப்பதும் மேலே இருப்பதுபோலவே ஒரு குரல் என்று தெரிந்தது. இரண்டு பேர் ஒரே படிக்கட்டில், ஒருவர் இரண்டு படி முந்தி, ஒருவர் பிந்தி ஏறுகிறார்கள். விரல் ஏன் அப்படிப் போகிறது என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது. ஸ-வுக்கும் க-வுக்கும் இடையில் நாலு அரைச்சுரம். ரி-க்கும் ம-வுக்கும் மூன்று, க-வுக்கும் ப-வுக்கும் மூன்று. அதனால்தான் முதல் அடியில் இரண்டு விரலும் இரண்டு ஃபிரெற் விலகி நிற்கின்றன, அடுத்த இரண்டு அடியிலும் ஒரு ஃபிரெற்தான் விலகல். அது தெரிந்ததிலிருந்து எனக்கு ஃபிரெற் எண் தேவைப்படவில்லை.

இரண்டாம் அடியிலிருந்து மூன்றாம் அடிக்குப் போகிற அந்த நகர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு விரலும் அதே அமைப்பில், அதே கம்பிகளில், இரண்டு ஃபிரெற் மேலே போக வேண்டும். விரலைத் தூக்கி வைத்தால் குரல் அறுந்துவிடும். தூக்காமல் இழுத்தால் நாலாம் கம்பி கீச்சென்று கத்தும். முதலாம் கம்பி வழுவழுப்பான நைலோன், அது பேசாது. நாலாம் கம்பியோ மெல்லிய இழைகளுக்கு மேல் உலோகக் கம்பி சுற்றியது. விரல் நுனியின் தோல் அந்தச் சுற்றின்மீது ஓடினால் பல்லைக் கூசவைக்கிற சத்தம். இதற்கு வழி, நகர்கிற கணத்தில் கீழ்விரலின் அமுக்கத்தை மட்டும் விடுவது. கம்பியைத் தொட்டும் தொடாமலும், முழங்கையிலிருந்து கையை நகர்த்தி, வந்து சேர்ந்த இடத்தில் திரும்ப அமர்த்துவது. மேல்விரல் கம்பியை விடவே கூடாது. ஒரே கையில் ஒரு விரல் இளக, பக்கத்து விரல் இறுக்கமாக இருக்க வேண்டும். கை விரல்களுக்கு இது பிடிக்காது. ஒன்று இளகினால் எல்லாம் இளகும். நான் இதை ரீவியில் செய்தி ஓடும்போது கிற்றாரை அடிக்காமலேயே, இடது கையால் மட்டும் செய்து பழகினேன். சத்தமில்லாமல் செய்தால்தான் கை என்ன செய்கிறது என்று தெரிகிறது.

திறந்த இரண்டாம் கம்பி இன்னொரு தொல்லை. விரல் அமர்த்திய கம்பியைவிடத் திறந்த கம்பி இயல்பாகவே உரத்துக் கேட்கும். அது நடுவில் நிற்க வேண்டியது, மேலே வந்து மெட்டைத் தின்றுவிடும். வலது கையில் மோதிர விரல் உரத்தும் சுட்டுவிரல் மெதுவாகவும் எடுக்க வேண்டும். சுட்டுவிரல் பலசாலி, மோதிர விரல் சோம்பேறி. பாட்டு கேட்பது நேர்மாறாக.

இங்கே ஒரு கருத்து, சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும். இந்த மாதிரி உருப்படியை டாப்பில், அதாவது கம்பியையும் ஃபிரெற்றையும் எண்ணாக எழுதுகிற முறையில், படிக்கக் கூடாது. கோர்ட் பாட்டுக்கு டாப் போதும், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் டாப் எந்தக் கம்பி, எந்த ஃபிரெற் என்று சொல்லும். அந்தச் சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எது யாருடைய குரல் என்று பெரும்பாலும் சொல்லாது. ஐந்து கோட்டில் சுரம் எழுதுகிற ஸ்ராஃபில் மெட்டின் தண்டு மேல்நோக்கியும் பாஸின் தண்டு கீழ்நோக்கியும் எழுதியிருக்கும். இரண்டு பேர் என்பது கண்ணுக்கே தெரியும். ஸ்ராஃப் பழக எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கிற்றாருக்கு எழுதுவது ஒரு ஸ்தாயி கூட்டித்தான் எழுதப்படும், ஒலிப்பது ஒரு ஸ்தாயி கீழே. ஒரே சுரத்தை மூன்று நாலு இடத்தில் வாசிக்கலாம். பியானோ படிக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. இருந்தாலும் பழகுங்கள். ‘ஐந்து நிமிடத்தில் லாக்ரிமா’ என்று தலைப்புப் போடுகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் விரலைத்தான் காட்டித் தருவார்கள்.

அப்புறம் நகம். கிளாசிக்கல் கிற்றாருக்கு வலது கை நகம் வேண்டும், இடது கை நகம் கூடாது. இது யாழ்ப்பாணத்தில் ஒரு சமூகப் பிரச்சினை. “ஒரு கை கலியாணவீட்டுக்கு, மற்றக் கை குசினிக்கோ?” என்று பெரியம்மா கேட்டா. வலது கையால்தான் சோறு குழைக்க வேண்டும், வலது கையால்தான் மீன் முள் எடுக்க வேண்டும். குழம்பின் மஞ்சள் நகத்துக்கடியில் ஏறிவிட்டால் தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் போகாது. வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகள் என் விரலைத்தான் பார்க்கிறார்கள். தேங்காய் துருவும்போது பெருவிரல் நகம் முறிந்தால் பாஸ் குரலுக்கு அன்றோடு விடுமுறை. பிங்பொங் பந்தை வெட்டி நகமாக ஒட்டிக்கொள்கிற கிற்றார்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நான் அந்த அளவுக்குப் போகவில்லை, மிக நைசான அரத்தாளால் ஓரத்தைத் தேய்த்து ஒப்பேற்றுகிறேன். வேடிக்கை என்னவென்றால், தாரெகாவே கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டு விரல் சதையால்தான் வாசித்தார். இதைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நகவெட்டியோடு வந்து நிற்பா.

அவருடைய காலத்தில் கம்பியும் வேறு. நைலோன் கம்பி கிற்றாருக்கு வந்தது 1940களில்தான். அதற்கு முன் மேல் மூன்று கம்பியும் விலங்குக் குடலில் திரித்த நரம்பு, கீழ் மூன்றும் பட்டு இழைக்கு மேல் உலோகம் சுற்றியவை. சதையால் குடல்நரம்பை மீட்டினால் எவ்வளவு மெதுவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு நைலோன் செற் வாங்குவதே பெரும்பாடு. டவுனில் கடைகளில் கேட்டால் முதலில் இரும்புக் கம்பியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கிளாசிக்கல் கிற்றாரில் இரும்புக் கம்பி போடக் கூடாது, அந்த இழுவைக்குப் பிரிட்ஜ் கழன்று வந்துவிடும் என்று விளங்கப்படுத்தினால், “அக்கா, இது நல்லாச் சத்தம் வரும்” என்று பதில் வரும். ரொறன்ரோவிலிருந்து லீவுக்கு வருகிற மச்சாளின் பெட்டியில்தான் எனக்குக் கம்பி வரும், சொக்லேற்றுக்கும் சம்பூவுக்கும் நடுவில். புது நைலோன் போட்டால் சில நாளைக்கு நிற்காது, இழுபட்டுக்கொண்டே இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் ஈரம் ஏறி இறங்க, அதற்கும் சேர்த்து ரியூன் ஓடும்.

ரியூன் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் பிள்ளையார் கோயில். விசேஷ நாளென்றால் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போகும், பெரும்பாலும் இரண்டரைக் கட்டை. இரண்டரைக் கட்டை என்றால் டீ ஷார்ப். நான் வாசிப்பது ஈ, அதாவது மூன்று கட்டை. அரைச்சுரம்தான் வித்தியாசம், அதுதான் கொடுமை. ஒரு முழுச்சுரம் தள்ளி இருந்தால்கூடக் காது தன் வழியில் போயிருக்கும். இது நெருங்கி நின்று உரசும். அவர்களும் சங்கராபரணம் எடுத்துவிட்டால் போச்சு, என் ஸ எது, அவருடைய ஸ எது என்று தெரியாமல் கிற்றாரை வைத்துவிட்டு எழும்ப வேண்டியதுதான். கடைசியில் கேப்போவைக் கழற்றி வைத்திருந்த எனக்கு ஒரு யோசனை வந்தது: ஆறு கம்பியையும் அரைச்சுரம் இறக்கினேன். லாக்ரிமா கொஞ்சம் தளர்ந்த கம்பியில் பிள்ளையாரோடு ஒத்துப்போனது. தாரெகா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் பகுதி மைனர். டீ ஷார்ப் வந்து சேருகிற இடங்களில் கீரவாணி ராகம் என்று சொல்லலாம், தோழி சொன்னாள். இங்கே கை கஷ்டப்படும். ஏழாம் ஃபிரெற்றில் சுட்டுவிரலைக் குறுக்கே படுக்கவைத்துப் பாரே பிடித்துக்கொண்டு, சுண்டுவிரலை மேலே நீட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. சின்னக் கை உள்ளவர்களுக்கு அது அநியாயம். விரலை அமுக்கிப் பலத்தால் வெல்லப் பார்த்தால் மணிக்கட்டுத்தான் நோகும். கிற்றாரின் கழுத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, பெருவிரலைக் கழுத்தின் பின்னால் நடுவுக்குக் கொண்டுவந்து, முழுக்கையின் பாரத்தை விரலுக்கு விட்டால் பாதிக் கஷ்டம் குறையும். மீதிப் பாதிக்கு, பாரேயில் ஆறு கம்பியும் அந்தக் கணத்தில் தேவையா என்று நோட்ஸைப் பார்த்துக் கேட்க வேண்டும். மேலே ஒலிக்க வேண்டியது எது, கீழே நிற்க வேண்டியது எது? அந்த இரண்டும் கேட்டால் போதும். நடுவில் இருக்கிற கம்பிகளை விரல் தொட்டுக்கொண்டு படுத்திருக்கட்டும், யாரும் கேட்கப்போவதில்லை. இங்கேயும் குரல் தெரிந்தால்தான் விரலுக்கு ஓய்வு.

பழகிய முறை பற்றிக் கேட்பவர்களுக்காக: நான் மெட்டை முதலில் தொடவில்லை, இரண்டாம் முறை தொடங்கியபோது. கீழ்க்குரலை மட்டும் எடுத்தேன். பெருவிரலால் பாஸ், வாயால் அதன் சுரம். அது பாட்டாகத் தனியே நின்ற பிறகு பெருவிரல் பாஸை வாசிக்க, வாய் மேல்மெட்டைப் பாடியது. அதற்கடுத்து மாற்றி, விரல் மெட்டை வாசிக்க, வாய் பாஸைப் பாடியது. இந்த மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும். மெட்டு வாயை இழுத்துக்கொண்டு போய்விடும், கீழ்க்குரலைப் பாடிக்கொண்டிருந்த வாய் தெரியாமலேயே க ம ப-வுக்கு மாறியிருக்கும். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த எவருக்கும் இது நடக்கும் என்றுதான் நினைக்கிறேன், வயலின் தோழிக்கும் நடந்தது. அவள் இரண்டு நாள் கோபத்தில் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் போன் எடுத்து முழுதாகப் பாடிக் காட்டினாள். நான் அதற்குப் பிறகும் கனநாள் தடுமாறினேன்.

தாரெகா 1852இல் ஸ்பெயினின் வில்லாரியாலில் பிறந்தவர், 1909இல் பார்சிலோனாவில் இறந்தவர். லண்டனுக்குப் போயிருந்தபோது, குளிரும் பனிப்புகாரும் பிடிக்காமல், ஊர் நினைவில் இந்தப் பாட்டை எழுதினார் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் திரிகிறது. எங்கள் ஆட்களுக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். லண்டன் குளிரில் இருந்து ஊரை நினைத்து அழுத கதை இல்லாத குடும்பம் இங்கே எது? அதனாலேயே எனக்கு அந்தக் கதையில் சந்தேகம். அழுகைக்காக எழுதிய பாட்டென்று நினைத்து வாசிக்கிறவர்கள் ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து, தாளத்தைக் கரைத்து, கீழ்க்குரலை மூழ்கடித்துவிடுகிறார்கள். நிதானமாக மூன்றடித் தாளத்தில் நடக்கவிட்டால் போதும். சோகம் வேண்டுமென்றால் மைனர் பகுதியில் அவரே வைத்திருக்கிறார்.

தாரெகா என்று பெயர் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது. நோக்கியா போனின் மணி என்றால் எல்லாருக்கும் தெரியும். அதுவும் அவருடையதுதான், 1902இல் எழுதிய ‘கிரான் வால்ஸ்’ என்ற கிற்றார் உருப்படியிலிருந்து எடுத்த சில பார். ஒரு காலத்தில் மினிபஸ்ஸுக்குள் பத்துப்பேரின் சட்டைப்பையில் இருந்தார் மனுசன். நான் அதை வாசித்துக் காட்டியபோது வீட்டிலிருந்த எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள், அம்மாவின் கை தன்னாலே மேசைக்குப் போனது. லாக்ரிமாவுக்கு அந்த வரவேற்பு கிடைக்கவில்லை. நத்தாருக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு முழுதாக வாசித்தேன். “நல்லா இருக்கு பிள்ளை, பாட்டு எப்ப தொடங்கும்?” என்று மாமா கேட்டார். பெரியம்மா மட்டும், “அதுக்குள்ள இரண்டு பேர் கதைக்கிறமாதிரிக் கிடக்கு” என்றா. அவவுக்கு நகத்தை மன்னித்துவிட்டேன்.

இப்போது அடுத்ததாக ‘அதெலிதா’வை எடுத்திருக்கிறேன், அதுவும் தாரெகாதான். மசூர்கா என்ற போலந்து நடனத்தின் மூன்றடித் தாளம். இதில் முறை மாறி வருகிறது: முதலில் ஈ மைனர், பிறகு மேஜர். மெட்டில் குறுகிய அலங்காரச் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும், ஒரு எடுப்பில் இடது கைவிரலே அடித்து இழுத்து எழுப்ப வேண்டியவை. தோழிக்கு அனுப்பியிருந்தேன். இந்த முறை ‘மொட்டை’ என்று சொல்லவில்லை. “இதில ஏதோ கொஞ்சம் அசைவு இருக்கு, ஆனா பாஸை முதல்ல பாடி அனுப்பு” என்று குரல்பதிவு போட்டிருக்கிறாள். இன்னும் அனுப்பவில்லை. பெருவிரல் நகம் வளர வேண்டும், போன கிழமை தேங்காய் துருவும்போது போய்விட்டது.